சோலார் செய்தியில் சதவீதம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் பிளாஸ்டிக் சூரிய மின்கலம் பற்றி வந்த செய்தியைப் படித்தேன். சுருட்டி எடுத்துப் போகலாம், சுவரில் ஒட்டலாம், வெயிலை மின்சாரமாக மாற்றும் செயல்திறன் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது, கூரைகளில் இப்போது இருக்கும் சிலிக்கான் பேனலை நெருங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தமிழில் இதையெல்லாம் எழுதுகிறீர்களே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 20 சதவீதம் எவ்வளவு பெரிய துண்டில் கிடைத்தது, எத்தனை மணி நேரம் நிலைத்தது, எந்தக் காற்றில் வைத்து அளந்தார்கள் என்ற விவரம் ஒன்றுமே செய்தியில் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த விவரங்கள்தான் முக்கியம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வடசென்னையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நிறமிப் பொடியை ரெசினில் (பெயிண்டைப் பிடித்துவைக்கும் பசையில்) கட்டியில்லாமல் கலக்க வைப்பதும், பூசிய படலம் வெயிலையும் மழையையும் எத்தனை வருஷம் தாங்கும் என்று பார்ப்பதும்தான் என் வேலையாக இருந்தது. என் அக்கா மகள் இதே ஊரில் கரிமச் சூரிய மின்கலங்களில் (நீங்கள் எழுதிய பிளாஸ்டிக் மின்கலம் இந்த வகைதான்) முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். “சித்தி, நீங்க மைக்ரான்ல பண்ணினதை நான் நானோமீட்டர்ல பண்றேன், அவ்வளவுதான்” என்பாள். அவள் சொல்வதைக் கேட்டும், அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தும், கட்டுரைகளை வாங்கிப் படித்தும் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1986இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தில் இருந்த சிங் டாங் என்பவர் இரண்டு கரிமப் படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசி ஒரு மின்கலம் செய்தார். அதன் செயல்திறன் சுமார் 1 சதவீதம்தான். 1995இல் ஆலன் ஹீகர் இருந்த குழு, ஒளியை உறிஞ்சும் பாலிமரையும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் ஃபுல்லரீன் என்ற பந்து வடிவக் கார்பன் மூலக்கூறையும் ஒரே மையாகக் கலந்து பூசிக் காட்டியது. மின்சாரம் கடத்தும் பாலிமர்களுக்காக ஹீகர், மக்டயர்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 2015க்குப் பிறகு ஃபுல்லரீனை ஒதுக்கிவிட்டு, அதே போல எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் புதுவகை ஏற்பி மூலக்கூறுகள் வந்தன. 2019இல் ஒய்6 என்ற மூலக்கூறு 15.7 சதவீதம் கொடுத்தது. அதற்குப் பின் ஏறி ஏறி இன்று 20க்கு வந்து நிற்கிறது. இது உண்மையான முன்னேற்றம்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செய்திகளில் எப்போதும் அந்த ஒளி உறிஞ்சும் படலத்தைப் பற்றித்தான் பேச்சு. அதன் தடிமன் ஏறக்குறைய 100 நானோமீட்டர். (ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் மைக்ரான், ஒரு மைக்ரானுக்கு ஆயிரம் நானோமீட்டர்.) வீட்டுப் பேனலில் இருக்கும் சிலிக்கான் தகடு சுமார் 150 மைக்ரான். அதாவது இது அதில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்குதான். வெளிச்சம் பட்டதும் இந்தப் படலத்தில் ஓர் எலக்ட்ரானும் ஒரு துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலி இடம்) ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட ஜோடியாகப் பிறக்கும். அந்த ஜோடி சுமார் 10 நானோமீட்டர் நகர்வதற்குள் பிரிந்தாக வேண்டும். இல்லையென்றால் மறுபடி ஒன்று சேர்ந்து வெப்பமாகவோ ஒளியாகவோ வீணாகிவிடும். அதற்காகத்தான் இரண்டு பொருளையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கலக்கிறார்கள்.

சரி, பிரிந்தாயிற்று. அப்புறம் எலக்ட்ரான் ஒரு பக்க மின்முனைக்கும் துளை மறுபக்க மின்முனைக்கும் போய்ச் சேர வேண்டுமே? அதைக் கவனித்துக்கொள்பவைதான் மின்னூட்டக் கடத்தல் அடுக்குகள். ஒளி உறிஞ்சும் படலத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்று எலக்ட்ரானை மட்டும் விடும், மற்றது துளையை மட்டும் விடும். பேருந்தில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே படியில் முட்டிக்கொண்டால் வண்டி நகராது. ஆளுக்கொரு வாசல் இருந்தால்தான் ஓட்டம் இருக்கும். இந்த அடுக்குகள் பெரும்பாலும் 30, 40 நானோமீட்டர் தடிமன்தான். ஒரு வெளிச்சமும் இவற்றிலிருந்து மின்சாரமாக மாறுவதில்லை, அதனால் செய்தியில் பெயரே வருவதில்லை. ஆனால் மின்கலம் எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்கும், எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதில் பெரும் பங்கு இவற்றுக்குத்தான்.

துளைப் பக்கத்தில் நெடுங்காலமாக இருப்பது பெடாட் பிஎஸ்எஸ் என்ற பாலிமர் கலவை. தண்ணீரில் கலந்த கருநீல மை. பூசுவது சுலபம், படலம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் அதில் பாதிப் பெயரான பிஎஸ்எஸ் ஒரு சல்ஃபோனிக் அமிலம். அந்த மை கடும் அமிலத்தன்மை உள்ளது. அதன் பிஎச் 1க்கும் 2க்கும் இடையில் இருக்கும். கீழே இருக்கும் இண்டியம் டின் ஆக்சைடு மின்முனையை அது மெல்ல மெல்லக் கரைக்கும். கரைந்த இண்டியம் மேலே ஏறி மற்ற படலங்களில் கலக்கும். அதோடு பிஎஸ்எஸ் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதில் கெட்டிக்காரப் பொருள். ஈரம் கூடக்கூட இந்த அரிப்பும் வேகமாகும். உறிஞ்சிய ஈரம் மறுபக்க அலுமினியம் வரை போய் அதையும் ஆக்சைடாக்கிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசத்துப் போகிற ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரான் பக்கத்தில் அதிகம் பயன்படுவது துத்தநாக ஆக்சைடு. இதைப் பற்றி என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைப் பெயிண்ட் அடித்த வெளிச்சுவரைச் சில வருஷம் கழித்துக் கையால் தடவினால் வெள்ளையாகப் பொடி ஒட்டும். எங்கள் தொழிலில் அதற்குச் சாக்கிங் என்று பெயர். பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து, தன்னைச் சுற்றியிருக்கும் ரெசினையே தின்றுவிடும். ரெசின் போனதும் நிறமி மட்டும் பொடியாக மிஞ்சும். இதைத் தடுக்க அனடேஸ் வகையை விட்டு ரூட்டைல் வகைக்கு மாறினார்கள். அந்த ரூட்டைல் துகள் ஒவ்வொன்றின் மேலும் சிலிக்கா, அலுமினா தோல் போர்த்தினார்கள். இன்று நல்ல வெளிப்பூச்சு பெயிண்ட் எல்லாம் இப்படித் தோல் போர்த்திய நிறமியில்தான் ஓடுகிறது.

சூரிய மின்கலத்தில் துத்தநாக ஆக்சைடும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. 375 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாக் கதிரை அது உறிஞ்சும். உறிஞ்சிய வேகத்தில், தன் மேல் உட்கார்ந்திருக்கும் புதுவகை ஏற்பி மூலக்கூறின் நடுப்பகுதியையும் முனைப்பகுதியையும் இணைக்கும் கார்பன் இரட்டைப் பிணைப்பை உடைத்துவிடும். அதாவது 20 சதவீதம் கொடுக்கிற அந்த அருமையான மூலக்கூறை, அதற்கு வாசல் காக்க வைத்த அடுக்கே அழிக்கிறது. அக்கா மகள் இந்த வினையின் வரைபடத்தை எனக்குக் காட்டியபோது, இதை நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. என் வேலைக்காலம் முழுக்க நான் போராடியது இந்த வேதியியலோடுதான்.

இதற்கெல்லாம் மருந்தாகத்தான் இப்போது நானோ கலப்பு அடுக்குகள் வருகின்றன. துத்தநாக ஆக்சைடைத் தனியாகப் பூசாமல் அதோடு கிராஃபீன் (ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாள்), கார்பன் நானோகுழாய், கார்பன் புள்ளிகள், பாலிமர் என்று ஏதாவதொன்றை நானோ அளவில் கலப்பார்கள். துத்தநாக ஆக்சைடுத் துகளின் மேற்பரப்பில் ஆக்சிஜன் இல்லாத வெற்றிடங்கள் இருக்கும். எலக்ட்ரான்கள் அதில் மாட்டிக்கொள்ளும். பாலிமர் அந்த வெற்றிடங்களை மூடும், கிராஃபீன் துகளுக்குத் துகள் பாதை போட்டுக் கொடுக்கும். அதேபோல பெடாட் பிஎஸ்எஸ்ஸோடு கிராஃபீன் ஆக்சைடையோ மாலிப்டினம், டங்ஸ்டன் ஆக்சைடுத் துகள்களையோ சேர்த்து அதன் அமிலத்தன்மையையும் ஈரப்பசியையும் குறைக்கப் பார்க்கிறார்கள்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய லாபம். வெறும் துத்தநாக ஆக்சைடு மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது. அதனால் மெல்லியதாகத்தான் பூச வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஓர் அங்குலக் கண்ணாடித் துண்டைச் சுழற்றி 30 நானோமீட்டர் பூசிவிடலாம். ரோல் ரோலாக ஓடும் பிளாஸ்டிக் தாளில் மீட்டர் கணக்கில் அதே 30 நானோமீட்டரை ஓர் இடத்திலும் ஓட்டை விழாமல் பூசுவது மிகக் கஷ்டம். கலப்பு அடுக்கு நன்றாகக் கடத்தினால் 100 நானோமீட்டருக்கும் மேலே போகலாம். அப்படிப் போனால்தான் அச்சு இயந்திரம் இதைத் தாங்கும்.

ஆனால் கலப்பது என்பது எழுதுகிற மாதிரிச் சுலபம் கிடையாது. ஒரு நாள் அக்கா மகளின் மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைப் பார்த்தேன். துத்தநாக ஆக்சைடும் கிராஃபீன் ஆக்சைடும் கலந்த பழுப்பு நிறக் கலவை. முந்தின நாள் கலக்கிவைத்தது. மேலே தெளிந்து, கீழே வண்டல் தங்கியிருந்தது. அவள் அதைக் குலுக்கி, ஊசிக் குழாயில் எடுத்து, முனையில் 0.45 மைக்ரான் வடிகட்டியை மாட்டி அழுத்தினாள். கட்டைவிரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தது. சொட்டுச் சொட்டாக வந்ததைக் கண்ணாடியில் விட்டுச் சுழற்றினாள். நான் வடிகட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளைச் சவ்வு பழுப்பாகிவிட்டிருந்தது. “இதுல நின்னது எவ்வளவுன்னு எடை பார்த்தியாம்மா?” என்று கேட்டேன். பார்க்கவில்லை. அவளுடைய ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்ப்பதில்லை.

யோசித்துப் பாருங்கள். 1 சதவீதம் கிராஃபீன் சேர்த்தோம், செயல்திறன் இவ்வளவு கூடியது என்று கட்டுரையில் எழுதுகிறோம். சேர்த்த கிராஃபீனில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே நின்றுவிட்டால், படலத்தில் இருப்பது எவ்வளவு? அடுத்த ஊரில் வேறொருவர் அதே செய்முறையைப் பின்பற்றி வேறு விடை எடுத்தால் யாரைக் குற்றம் சொல்வது? பெயிண்ட் தொழிலில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் திடப்பொருள் சதவீதம் பார்த்துத்தான் அனுப்புவோம். ஒரு கிராம் மாதிரியைத் தட்டில் ஊற்றி ஓவனில் காயவைத்து மறுபடி எடை பார்த்தால் தெரிந்துவிடும். அன்றிலிருந்து அவளும் வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக் குறித்துவைக்கிறாள்.

கட்டி ஏன் விழுந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. நடுநிலைக்குப் பக்கத்துத் தண்ணீரில் துத்தநாக ஆக்சைடுத் துகளின் மேற்பரப்பு நேர் மின்னூட்டத்தில் இருக்கும். கிராஃபீன் ஆக்சைடு எதிர் மின்னூட்டத்தில் இருக்கும். இரண்டையும் ஒரேயடியாக ஊற்றினால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு திரளாமல் என்ன செய்யும்? எங்கள் ஆலையிலும் மில்லில் அரைத்த நிறமி விழுதில் தின்னரை அவசரமாக ஊற்றினால் கலவை ஷாக் ஆகி, அரைத்ததெல்லாம் மறுபடி கட்டி தட்டிப் போகும். முதலில் துகளை நனைக்கும் பொருள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ரெசின், கடைசியில்தான் தின்னர் என்று வரிசை வைத்திருந்தோம். பெயிண்டில் ஒரு கட்டி விழுந்தால் சுவரில் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். 40 நானோமீட்டர் அடுக்கில் 200 நானோமீட்டர் கட்டி ஒன்று நின்றால் அது மேலே இருக்கும் 100 நானோமீட்டர் படலத்தையும் குத்திக்கொண்டு மறுபக்க மின்முனையைத் தொடும். அங்கே ஷார்ட் ஆகி அந்தத் துண்டே வீண்.

துண்டின் அளவு ஏன் முக்கியம் என்பது இதிலேயே தெரியும். சாதனைச் செயல்திறன்கள் பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பில் அளக்கப்படுபவை. அவ்வளவு சின்ன இடத்தில் கட்டி விழாமல் தப்பிப்பது சாத்தியம். ஒரு சதுர மீட்டரில் தப்பிக்க முடியாது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கா மகளின் ஆய்வுக்கூடத்தில் மின்கலத்தின் பெரும்பகுதியை நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டுச் செய்கிறார்கள். அளப்பது 25 டிகிரி செல்சியஸில், சதுர மீட்டருக்கு 1000 வாட் செயற்கை வெளிச்சத்தில். இது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவுகோல், ஒப்பிடுவதற்கு அவசியம், குறை சொல்லவில்லை. ஆனால் திருவொற்றியூர் மொட்டை மாடியில் 25 டிகிரி எப்போது இருக்கும்? மார்கழி விடியற்காலையில் இருக்கும், அப்போது வெயில் இல்லை. கத்திரி வெயிலில் காற்றே 40 டிகிரியைத் தாண்டுகிறது. வெயிலில் கிடக்கும் கறுப்புத் தகடு 60 டிகிரிக்கும் மேலே போகும். அப்புறம் கடல் காற்று, உப்பு, ஐப்பசி கார்த்திகை ஈரம். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை நவம்பரில் ஸ்ப்ரே பண்ணினால் படலம் பால்போல வெளுத்துப் போகும்; அதற்காக மழைக்காலத்தில் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைச் சேர்ப்போம். துத்தநாக ஆக்சைடை ஜெல் முறையில் பூசும்போதும் காற்றின் ஈரம் அந்த வினையிலேயே பங்கு எடுக்கிறது. மே மாதத்தில் பூசிய படலமும் நவம்பரில் பூசிய படலமும் ஒன்றாக வருவதில்லை என்று அக்கா மகளே புலம்புகிறாள். குளிர்நாட்டுச் செய்முறையை அப்படியே கொண்டுவந்தால் இங்கே நடக்காது.

பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். உறை வேண்டும்தான். ஆனால் ஒரு சதுர மீட்டர் உறை வழியாக ஒரு நாளில் நுழையும் ஈரம் ஒரு மில்லிகிராம், அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தாள் இருக்கிறது, விலைதான் அதிகம். கண்ணாடி போட்டு மூடினால் எடை ஏறிவிடும், அப்புறம் பிளாஸ்டிக்கில் செய்ததன் பலன் என்ன? உள்ளே இருக்கும் அடுக்குகளே கொஞ்சம் தாக்குப்பிடிக்கிற மாதிரி இருந்தால் உறை சாதாரணமாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

எடை ஏன் முக்கியம் என்று எங்கள் தெருவுக்கு வந்தால் தெரியும். இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு என்று கேள்விப்பட்டுத் தன் வீட்டுக்குப் போட ஆசைப்பட்டார். பார்க்க வந்தவர் ஏணியில் ஏறி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். “இது தாங்காதும்மா, தளம் போட்ட வீடா இருந்தா சொல்லுங்க” என்று இறங்கிவிட்டார். அவர் சொன்னது சரிதான். ஒரு சிலிக்கான் பேனல் 20 கிலோவுக்கும் மேலே, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் தனி, புயல் காற்றுக்குப் பிடிப்பு வேறு. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எத்தனை ஷீட் கூரைகள்! மொட்டை மாடி இருப்பவர்களுக்குச் சூரிய மின்சாரம் வந்துவிட்டது. ஷீட் கூரைக்காரர்களுக்கு எடையில்லாத தகடு வந்தால்தான் உண்டு. இந்த ஆய்வில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் இதுதான். அந்த அம்மாவிடம் போய், 20 சதவீதம் வந்தாச்சு, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று அவர் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் வேண்டும்.

அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கும் வழி பெயிண்ட்காரர்களுக்குப் பழகியது. எங்கள் ஆலையின் மொட்டை மாடியில் தெற்குப் பார்த்து 45 டிகிரி சாய்வில் கம்பிச் சட்டங்கள் இருந்தன. ஆறுக்கு நான்கு அங்குல இரும்புத் தகடுகளில் பெயிண்ட் பூசி, ஒரு ஓரத்தை வெயில் படாமல் மூடி, சட்டத்தில் மாட்டிவிடுவோம். மாதாமாதம் இறக்கிப் பளபளப்பு எவ்வளவு குறைந்தது, பொடி ஒட்டுகிறதா, கொப்புளம் உண்டா, கீறின இடத்தில் துரு எவ்வளவு தூரம் ஊர்ந்தது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவோம். மூடின ஓரம் பக்கத்திலேயே இருப்பதால் மாற்றம் கண்ணுக்கே தெரியும். உப்புத் தூவும் பெட்டியிலும் புற ஊதா விளக்குப் பெட்டியிலும் வேகச் சோதனை செய்வதுண்டு. ஆனால் பெட்டியில் ஜெயித்து மாடியில் தோற்ற பெயிண்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மாடி சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு.

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இரும்புக்கும் மற்ற உலோகங்களுக்கும் இதைப் பெரிய அளவில் செய்து, எந்த ஊர்க் காற்றில் அரிப்பு எவ்வளவு என்று இந்தியாவுக்கே ஒரு வரைபடம் போட்டது. மண்டபத்தில் கடலோரச் சோதனை நிலையமும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பாலங்களுக்கும் கோபுரங்களுக்கும் பெயிண்ட் தேர்ந்தெடுக்க அந்த மாதிரித் தகவல்தான் உதவுகிறது. கரிம மின்கலத்துக்கும் வழிமுறை தயாராக இருக்கிறது. 2011இலேயே பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் கூடி, இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், திறந்த வெளியில் என்று எப்படியெப்படிச் சோதிக்க வேண்டும் என்று பொது விதிமுறை எழுதிவிட்டன. டென்மார்க்கில் ரிசோ ஆய்வுக்கூடத்தில் பிரெடரிக் கிரெப்ஸின் குழு ரோலில் அச்சடித்த மின்கலங்களை வெளியில் விரித்துவைத்தே சோதித்தது. ஆனால் டென்மார்க் 55 பாகை அட்சரேகையில் இருக்கிறது, சென்னை 13இல். அங்கே கிடைத்த ஆயுள் கணக்கு இங்கே செல்லாது.

சென்னையில் இதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஐஐடி இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் இருக்கின்றன. சூரியக் கதிர்வீச்சை அளக்க நாடு முழுக்க நிலையங்கள் அமைத்த தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. வடசென்னையில் பெயிண்ட் தொழில் இருக்கிறது. இல்லாதது, இவர்கள் எல்லோருடைய மின்கலத் துண்டுகளையும் ஒரே இடத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில், ஒரே மாதிரி மாட்டிவைத்து வருஷக்கணக்கில் அளக்கிற ஒரு பொதுக் கம்பிச் சட்டம். ஒரே ஒளி உறிஞ்சும் படலம், ஆனால் அடியில் வெவ்வேறு கடத்தல் அடுக்கு. வெறும் துத்தநாக ஆக்சைடு ஒன்று, கிராஃபீன் கலந்தது ஒன்று, பாலிமர் போர்த்தியது ஒன்று, அதற்குப் பதில் டின் ஆக்சைடு போட்டது ஒன்று. எது ஒரு மழைக்காலத்தைத் தாண்டுகிறது என்று ஊருக்கே தெரியட்டும். தோற்றதையும் வெளியிட வேண்டும். சில பாலிமர்களில் இருக்கும் அமீன் என்ற நைட்ரஜன் பகுதி, துத்தநாக ஆக்சைடின் குறைகளை மூடினாலும் புதுவகை ஏற்பியைத் தானே தாக்குகிறது என்று தெரியவந்தது, தோல்வியை யாரோ வெளியில் சொன்னதால்தான்.

மாநில அரசும் ஆய்வு நிறுவனங்களும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். இதற்குக் கோடிக்கணக்கில் ஆகாது. இடமும், கம்பிச் சட்டமும், மின்னோட்டம் மின்னழுத்தம் பதியும் கருவியும், ஒழுங்காகப் பதிவேடு எழுதும் ஆளும் போதும்.

தங்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது. இனி சூரிய மின்கலம் பற்றிச் செய்தி போடும்போது, செயல்திறன் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே துண்டின் பரப்பளவையும், செயல்திறன் தொடக்க அளவில் 80 சதவீதமாகக் குறைய எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் போடுங்கள். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். வாசகர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனையைச் சிலிக்கான் பேனல்கள் தாண்டித்தான் விற்பனைக்கு வருகின்றன. புது மின்கலம் அதைத் தாண்டியதா என்று ஒரு வரி சேருங்கள். ஆய்வாளர் பேட்டி கொடுத்தால், கடத்தல் அடுக்கு எதனால் ஆனது, திறந்த வெளியில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கேள்வி வருகிறது என்று தெரிந்தால் அவர்களும் அளந்து வைத்துக்கொண்டு வருவார்கள். மாணவர்களுக்கும் இதனால் நன்மை உண்டு. சாதனைச் சதவீதம் வந்தால்தான் மதிப்பு என்று இருப்பதால், மாடியில் தகடு மாட்டி ஒரு வருஷம் காத்திருக்கும் வேலையை எடுத்துக்கொள்ள இளைஞர்கள் தயங்குகிறார்கள். அந்த வேலைக்கும் உங்கள் பக்கத்தில் இடம் கிடைத்தால் நிலைமை மாறும்.

கடைசியாக ஒன்று. திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கங்களில் பெயிண்ட், ரெசின் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறோம். துகள்களைக் கட்டியில்லாமல் கலக்கவும், தகடு தயாரிக்கவும், சட்டத்தில் மாட்டவும், மாதாமாதம் இறக்கிப் பார்த்து எழுதவும் கை பழகினவர்கள். நான் பேசிப் பார்த்த பழைய சகாக்கள் எல்லோரும் சம்பளம் வேண்டாம், கூப்பிட்டால் வருகிறோம் என்கிறார்கள். ஏதாவது ஒரு கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ இதைத் தொடங்க முன்வந்தால், என் முகவரியை அவர்களுக்குக் கொடுக்கலாம். தங்கள் அலுவலகத்துக்குத் தனித்தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் முதல் தகடுகளை மாட்டிவிட்டால் இந்த வருஷ மழையே கணக்கில் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பெயிண்ட் ஆய்வுக்கூட ஊழியர்,
திருவொற்றியூர், சென்னை.